பத்தடியில் மூணும் ஏழும்

மனையின் குறுக்களவில் சுவர்களுக்கும் படுக்கையறைக்கும் போனது போக மிச்சம் பத்தடி. அந்தப் பத்தடிக்குள்தான் அறைகளுக்குப் போகிற நடையும் வர வேண்டும், சமையலறையும் வர வேண்டும். நடைக்கு ஓர் அடி கூட்டிக் கொடுத்தால் சமையலறையில் ஓர் அடி குறையும். இது விளங்குவதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். ஆனாலும் இந்த ஓர் அடியை வைத்துக்கொண்டு மூன்று வாரமாக ஒரு வீடு கடைக்கால் போடாமல் கிடந்தது.

கிடந்ததற்குக் காரணம் டிரைவர். முப்பத்தொரு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியும் தெருவில் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். எதையும் எடுத்த எடுப்பில் நம்பமாட்டார். டீசல் முள் முக்கால் டாங்கி என்று காட்டினாலும், குச்சியை உள்ளே விட்டு நனைத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுவார். டிப்போவில் அதற்காக அவரைக் கேலி செய்யாத ஆள் இல்லை. டீசல் தீர்ந்து நடுவழியில் நின்ற வண்டிகளில் அவர் வண்டி ஒன்றுகூட இல்லை என்பதை மட்டும் அந்த ஆட்கள் சௌகரியமாக மறந்துவிடுவார்கள்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் அவர் மனைவிக்குச் சர்க்கரை வியாதியில் வலது காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். ஒரு தாள் என்றால் ஒன்றல்ல, மூன்று பக்கம். அவர் எழுத்துக்கூட்டிப் படிக்கிற வேகத்தில் படித்து முடிப்பதற்குள் ஆளே போய்விடுவாள் என்றார்கள். போட்டார். அதற்குப் பிறகு அவருக்குள் என்னவோ நின்றுபோயிற்று. அழுகை வரவில்லை. கோபம்கூட ஒழுங்காக வரவில்லை. டீ நாக்கைச் சுட்டால், குடித்து முடித்து கிளாஸைக் கீழே வைத்த பிறகுதான் சுட்டது தெரியும்.

அவளும் அப்படித்தான் ஆகிவிட்டாள். முன்பெல்லாம் காலையில் வாயைத் திறந்தால் விளக்கணைக்கிற வரை மூடாதவள், இப்போது எதற்கும் ஒரு "ம்". குடியிருந்தது மாடி வீடு. பதினெட்டுப் படி. நாற்காலியோடு அவளைக் கீழே இறக்க இரண்டு ஆள் வேண்டும். ஐந்து மாதத்தில் அவள் தெருவுக்கு வந்தது நாலு தடவை, நாலும் ஆஸ்பத்திரிக்கு. மற்ற நேரமெல்லாம் ஜன்னலோரம். சாப்பாடு கடையிலிருந்து பொட்டலமாக வரும். பிரிப்பார்கள், சாப்பிடுவார்கள், காகிதத்தைச் சுருட்டிப் போடுவார்கள். நன்றாயிருக்கிறது என்று அவரும் சொல்லமாட்டார், நன்றாயில்லை என்று அவளும் சொல்லமாட்டாள்.

அதனால்தான் வீடு. எப்போதோ வாங்கிப் போட்டிருந்த மனையில், ஒரு படிகூட இல்லாமல் தரையோடு தரையாக ஒரு வீடு. அவள் சக்கர நாற்காலியில் சமையலறைக்குள் போவாள், தாழ்வாகக் கட்டிய மேடையில் சமைப்பாள், வாய் திறந்து பேசுவாள். எல்லாம் பழையபடி ஆகிவிடும். டிரைவர் அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தார். வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது.

வரைபடம் போட ஒரு இன்ஜினியர் அம்மாவைக் கூட்டிவந்தவன் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. வேன் ஓட்டுகிறவன். வாயும் வேனும் ஒரே வேகம்.

முதல் வரைபடத்தைப் பார்த்ததுமே டிரைவர் விரலை வைத்தார். "இது என்னம்மா?"

"பாசேஜ் சார். நாலடி. கிச்சன் ஆறடி."

"நாலடியா? நீங்க வீடு கட்டறீங்களா, பஸ் ஸ்டாண்டு கட்டறீங்களா?"

"வீல் சேர் போகணும் இல்லையா சார்."

"சேரோட அகலம் இருபத்தாறு இன்ச். நானே அளந்தேன். ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு இன்ச் விட்டா மூணடி ஆச்சு. அஞ்சு இன்ச் சந்துல நான் பஸ்ஸையே விட்டு எடுத்திருக்கேன். சைடு கண்ணாடிய மடக்கிக்கிட்டா அலுங்காம போயிரும்."

மச்சான் குறுக்கே விழுந்தான். "விட்டது எல்லாருக்கும் தெரியும் மாமா. அந்தப் பெயிண்டு இன்னும் காய்கறிக்கடைச் சுவத்துல இருக்கு."

"உன்னைக் கேட்டேனா?" என்றார் டிரைவர். பிறகு அந்த அம்மாவிடம், "கிச்சன் ஆறடின்னா மேடைக்கு ரெண்டடி போயிரும். மிச்சம் நாலடி. அதுல சேர் திரும்புமா?" என்று கேட்டார்.

"திரும்பாது சார். முழுசாத் திரும்ப அஞ்சடி வேணும். நேரா உள்ள போயிட்டு அப்படியே பின்னால வரணும்."

"அப்புறம் எப்படி அவ சமைப்பா? ஏழடி போடுங்க."

"போடறேன். ஆனா பாசேஜ் மூணடிதான் வரும்." அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "சேரை யார் சார் தள்ளுவாங்க?"

"நான்தான். வேற யாரு?"

"அம்மாகிட்ட கேட்டீங்களா?"

"நாப்பது வருஷமா அடுப்படியில நின்னவ. அவளுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா?"

அந்த அம்மா பென்சிலை மறுபடி எடுத்துக்கொண்டாள். மறுவாரம் மூணுக்கு ஏழாக மாற்றிப் போட்டுக் கொண்டுவந்தாள். அடியில் ஒரு வரி சேர்த்திருந்தாள்: நடை மூன்றடி, உரிமையாளரின் விருப்பப்படி. அதற்குக் கீழே கையெழுத்துக்கு இடம். டிரைவர் பேனாவை வாங்கினார், மூடியைக் கழற்றினார். கை போகவில்லை. கேட்டது அவர்தான், கொடுத்ததும் அவர் கேட்டபடிதான், ஆனாலும் போகவில்லை. ஒரு தடவை தாளை நம்பிக் கையெழுத்துப் போட்டாயிற்று.

"தரையில கோடு போட்டு, அவளை வச்சு ஓட்டிப் பாத்துட்டுத்தான்," என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கோடு போடுகிற கொத்தனார் மேஸ்திரிக்கு நேரம் ஒழிய இன்னும் பத்து நாள் பிடித்தது.

அன்று காலை டிரைவர் மனைக்குப் போனபோது மேஸ்திரி தரையைத் தண்ணீர் தெளித்து இடித்துக் கெட்டியாக்கி, கயிறு பிடித்து, அடியில் துளை போட்ட டப்பாவிலிருந்து சுண்ணாம்புப் பொடியை உதிர்த்துக் கோடு இழுத்திருந்தார். படுக்கையறை, குளியலறை, கூடம், நடை, சமையலறை. சுவர் வரும் இடமெல்லாம் வெள்ளைக் கோடு, கதவு வரும் இடமெல்லாம் வெறும் மண். வாசலுக்கு மட்டும் இரண்டு செங்கல்லை அடையாளமாக நிறுத்தியிருந்தார். டிரைவர் தன் சொந்த டேப்பை எடுத்து எல்லாவற்றையும் இன்னொரு தடவை அளந்தார். மேஸ்திரி பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். இந்த மனுஷனிடம் இது வழக்கம்தான் என்று அவருக்கு முதல் நாளே தெரியும்.

வேன் வந்தது. மச்சானும் மேஸ்திரியும் நாற்காலியை இறக்கினார்கள். அவள் ஒற்றைக் காலில் செருப்பு போட்டிருந்தாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சுற்றிப் பார்த்தாள். மனை ஒரு குறுகிய சிமெண்ட் சந்தின் நடுவில் இருந்தது. சந்து முடிகிற முனையில் பெரிய ரோடு, ஒரு பஸ் நிறுத்தம், ஒரு மருந்துக்கடை, ஒரு டீக்கடை.

"இதுதான் உன் வீடு," என்றார் டிரைவர்.

"ம்," என்றாள்.

அவர் பின்னால் போய்க் கைப்பிடியைப் பிடித்தார். வாசல் செங்கல்லுக்கு நடுவே உள்ளே நுழைத்தார், கூடத்தைக் கடந்தார், நடைக்குள் விட்டார். இரண்டு பக்கமும் கோட்டுக்கு ஐந்தைந்து இன்ச் விட்டு நூல் பிடித்த மாதிரி போனது நாற்காலி. சமையலறைக் கதவு வருகிற இடத்தில் கொஞ்சம் முன்னால் போனார், பின்சக்கரத்தை ஒடித்தார், அரை அடி பின்னால் இழுத்தார், உள்ளே சொருகினார். ஒரு கோட்டைக்கூடத் தொடவில்லை.

"தொழில்காரன்," என்றார் மேஸ்திரி.

டிரைவர் நாற்காலியைச் சமையலறைக்குள் முழு வட்டம் சுற்றிக் காட்டினார். "இங்க அடுப்பு. இங்க சிங்க். மேடை ரெண்டரை அடி உயரம்தான், கீழ அடைக்காம திறந்து விடச் சொல்லியிருக்கேன். முட்டி ரெண்டும் உள்ள போயிரும்." சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. "உக்காந்தபடியே எல்லாம் எட்டும்," என்று முடித்தார்.

"ம்."

"என்ன ம்?"

"நல்லாருக்கு."

மச்சானுக்கு அந்த அமைதி தாங்கவில்லை. "அக்கா, நீ ஒரு தடவை ஓட்டிப் பாரேன். லைசென்ஸ் மாமாகிட்ட மட்டும்தான் இருக்கணுமா?"

அவள் தம்பியைப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துச் சக்கர வளையங்களில் வைத்தாள். மாடி வீட்டில் அவளுக்கு ஓட்டுவதற்கு என்று இருந்தது கட்டிலிலிருந்து ஜன்னல்வரை ஏழெட்டடிதான். ஐந்து மாதமாக அந்த ஏழெட்டடியைத்தான் போய்ப்போய் வந்திருந்தாள். இங்கே வாசலுக்கு வெளியே போய், திரும்பி, தானே உள்ளே வந்தாள். தோள் குனிந்து, முழங்கை விரிந்து, தள்ளித் தள்ளி நடைக்குள் வந்தாள்.

மேஸ்திரி பீடியை வாயிலிருந்து எடுத்தார். "அம்மா, உங்க முழங்கை பெட்ரூமுக்குள்ள போயிட்டுப் போயிட்டு வருது."

"சக்கரம் கோட்டை மிதிக்கலை இல்ல?" என்றார் டிரைவர்.

"மிதிக்கலை. ஆனா கோட்டுக்கு உயரம் கிடையாதே டிரைவரே. சுவத்துக்கு உண்டு."

"கையை ஒடுக்கிக்கோ," என்றார் அவளிடம்.

"ஒடுக்கினா எப்படிங்க உருட்டறது?"

ஐந்து மாதத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். டிரைவர் தாடையைச் சொறிந்துகொண்டார். அவர் அளந்தது நாற்காலியை. இருபத்தாறு இன்ச் சரிதான், அதில் தப்பில்லை. பின்னால் நின்று ஓட்டுகிறவனுக்கு இருபத்தாறுதான். உட்கார்ந்து ஓட்டுகிற ஆளுக்கு எவ்வளவு என்று அவர் அளக்கவே இல்லை. இத்தனை வருஷத்தில் பயணியே வண்டியை ஓட்டி அவர் பார்த்ததில்லை.

ஆனாலும் வாய்ப்பேச்சை வைத்து ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை அவர். "சரி. சுவரை வச்சே பாத்துருவோம்," என்றார்.

பக்கத்து மனையில் கான்கிரீட் போட வைத்திருந்த பலகைகளில் இரண்டை மேஸ்திரி கேட்டு வாங்கி வந்தார். ஆளுயரப் பலகை. நடையின் ஒரு பக்கக் கோட்டில் மச்சான் ஒன்றை நிறுத்திப் பிடித்துக்கொண்டான், எதிர்க்கோட்டில் மேஸ்திரி. "பூச்சு முக்கால் இன்ச் உள்ள வரும்," என்று சொல்லி மேஸ்திரி பலகையைக் கோட்டுக்கு உள்பக்கமாக நகர்த்தினார். மச்சானும் நகர்த்தினான்.

"வாக்கா. மெதுவா வா. மாமா மாதிரி பெயிண்டைப் பேத்துராத."

அவள் வந்தாள். பலகைகளுக்கு நடுவே நுழைந்ததும் உராய்கிற சத்தம் கேட்டது. ஒரு தள்ளு, ஒரு சத்தம். இன்னொரு தள்ளு, இன்னொரு சத்தம். அவள் நிறுத்தவில்லை. சமையலறைத் திறப்புக்கு எதிரே வந்து திருப்பப் பார்த்தாள். நாற்காலியில் கால் வைக்கிற தட்டு பலகையின் மூலையில் இடித்தது. பின்னால் எடுத்தாள், மறுபடி திருப்பினாள், மறுபடி இடித்தது. நாலு தடவை. நாலாவது தடவை அப்படியே நின்றுவிட்டாள்.

டிரைவர் பின்னால் வந்து கைப்பிடியைப் பிடித்தார். "விடு. நான் தள்றேன்."

தள்ளினார். நாற்காலி அசையவில்லை. அவள் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கையை எடு," என்றார்.

"நீங்க எடுங்க."

சத்தமில்லாமல்தான் சொன்னாள். அவர் எடுத்துவிட்டார். எடுத்த பிறகு அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, டேப்பைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் அவள் விரல் முட்டிகளைப் பார்த்தார். வலது கையில் இரண்டு விரலில் தோல் வழன்று ரத்தம் எட்டிப் பார்த்தது.

"ரத்தம் வருது."

அவள் கையைத் திருப்பிப் பார்த்தாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் கையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். "வருது," என்றாள்.

"வலிக்கலையா?"

"தெரியலை."

மச்சான் பலகைக்குப் பின்னாலிருந்து, "பாசேஜை நாலடியாக்கிருங்க மாமா," என்றான்.

"ஆக்கினா கிச்சன் ஆறடி ஆயிரும். உங்கக்கா உள்ள போனா திரும்ப முடியாது. எத்தனை தடவை சொல்றது?"

"உள்ள போனாத்தானே திரும்பணும்," என்றாள் அவள்.

டிரைவருக்கு முதலில் பிடிபடவில்லை. பிடிபட்டதும் அவர் வாயிலிருந்து வந்தது ஒரே கேள்வி. யோசித்துக் கேட்டதில்லை. "அப்போ யாரு சமைக்கறது?"

பலகைகள் இரண்டும் அசையாமல் நின்றன. மேஸ்திரி தன் பலகையின் ஆணித் துளையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு காலு இருக்கறவங்க சமைக்கட்டும்," என்றாள்.

மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதியிலேயே அடக்கிக்கொண்டு இருமினான்.

அவள் சிரிக்கவில்லை. பால் கணக்குச் சொல்கிற குரலில் சொல்லிக்கொண்டே போனாள். "அஞ்சு மாசமா நான் வாசலைப் பாக்கணும்னா ரெண்டு ஆளைக் கூப்பிடணும். இங்கயும் வாசலுக்குப் போறதுக்கு உங்களைக் கூப்பிடணும்னா எனக்கு எதுக்குங்க புது வீடு? அந்த மாடியே போதும். அங்க ஜன்னலாவது ரோட்டைப் பாத்து இருக்கு."

"நான் எங்க போயிடப்போறேன்? கூப்பிட்டா வரமாட்டேனா?"

"நீங்க எங்கயும் போகமாட்டீங்க. அதைத்தான் சொல்றேன்."

டிரைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவளுக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்ததை எடுத்துச் சொல்லலாம். தாழ்ந்த மேடை, ஏழடி, முழு வட்டம். எல்லாம் அவளுக்காகத்தான். ஆனால் அந்த மேடையில் அவள் சமைத்ததை அவர் மனசுக்குள் எத்தனையோ தடவை சாப்பிட்டிருந்தார். அவள் வாசலில் உட்கார்ந்திருந்ததை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"தம்பி, பலகையை எடு," என்றாள் அவள்.

எடுத்தார்கள். அவள் பின்னால் வந்து, கூடத்தில் திரும்பி, இரண்டு செங்கல்லுக்கு நடுவே வெளியே போனாள். சந்தில் இறங்கி வலது பக்கம் திருப்பினாள். டிரைவர் இரண்டு எட்டு பின்னால் போனார்.

"விடுங்க டிரைவரே," என்றார் மேஸ்திரி. "சந்து மேடு பள்ளம் இல்லாமத்தான் இருக்கு."

அவர் செங்கல் பக்கத்திலேயே நின்றார். அவள் மெதுவாகப் போனாள். நாலு தள்ளு, ஒரு நிறுத்தம். நாலு தள்ளு, ஒரு நிறுத்தம். ஒரு வீட்டு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் ஏதோ கேட்டாள், இவள் நின்று ஏதோ பதில் சொன்னாள். இங்கே வரை கேட்கவில்லை. அந்தப் பதில் "ம்" மட்டும் இல்லை, அவ்வளவு தெரிந்தது. பிறகு முனைக்குப் போய், ரோட்டுக்கு ஒரு கஜம் முன்னால் நிறுத்திக்கொண்டாள். ஒரு பஸ் வந்தது, ஆட்கள் இறங்கினார்கள், பஸ் போயிற்று. அவள் எங்கும் போகவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள்.

டிரைவர் தனக்குக் கோபம் வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. அவமானமாக இருக்கிறதா என்று பார்த்தார். அதுவும் இல்லை. வெயில் தலையில் அடித்தது, அது மட்டும் தெரிந்தது.

மச்சான் பக்கத்தில் வந்து நின்றான். எப்போதும் போல் ஏதாவது சொல்வான் என்று டிரைவர் எதிர்பார்த்தார். அவன், "நான் போய் டீ வாங்கிட்டு வரேன் மாமா. அக்காவுக்கு அங்கயே கொடுத்துடறேன், சர்க்கரை இல்லாம," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

மேஸ்திரி சுண்ணாம்பு டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தார். "என்ன பண்ணட்டும்?"

டிரைவர் சமையலறைக் கோட்டுக்குள் போய் நின்றார். மேடைக்கு ரெண்டடியைக் கண்ணால் கழித்தார். "நாலடிக்குள்ள ஒரு ஆள் நின்னு சமைக்க முடியுமா?"

"நிக்கற ஆளுக்கு நாலடி தாராளம். எங்க வீட்டுல மூணு. அதுல என் பொண்டாட்டியும் சமைச்சு, என்னையும் திட்டி, பூனையையும் விரட்டறா."

"அப்போ போடு."

மேஸ்திரி கயிற்றை ஓர் அடி தள்ளிக் கட்டினார். பழைய கோட்டைக் காலால் தேய்த்தார். டப்பாவைத் தட்டித் தட்டிப் புதுக் கோட்டை இழுத்துக்கொண்டு வந்தார். டிரைவர் டேப்பை எடுத்தார், நடையை அளந்தார். நாற்பத்தெட்டு இன்ச். சமையலறையை அளந்தார். எழுபத்திரண்டு. எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"அந்தம்மா முதல்ல போட்ட படம் இருக்கில்ல, அதையே எடுத்துட்டு வரச் சொல்லு. கையெழுத்துப் போட்டுடறேன்."

"சொல்றேன். மேடை உயரம்?" என்றார் மேஸ்திரி. "அம்மாவுக்குன்னு ரெண்டரை அடி சொல்லியிருந்தீங்க. அது நிக்கற ஆளுக்கு ஆகாது. ஒரு மாசத்துல இடுப்பு போயிரும்."

டிரைவர் மேடை வருகிற பக்கம் திரும்பினார்.

"நேரா நில்லுங்க," என்றார் மேஸ்திரி.

"எதுக்கு?"

"நில்லுங்கன்றேன்." மேஸ்திரி குந்தி உட்கார்ந்து டேப்பின் நுனியை அவர் குதிகால் பக்கத்தில் மிதித்துக்கொண்டு மேலே இழுத்தார். "செருப்பைக் கழட்டுங்க. ம். இப்போ கையை மடக்குங்க. கத்தியைப் பிடிச்சு வெங்காயம் நறுக்கற மாதிரி."

"எந்தக் கையில பிடிக்கணும்?"

மேஸ்திரி நிமிர்ந்து பார்த்தார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்தது. "சாப்பிடற கையில," என்றார்.

டிரைவர் வலது கையை மடக்கினார். விரல்களைச் சேர்த்து, கையில் எதுவும் இல்லாமலே எதையோ பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு அந்த மண்ணில் நின்றார். மண் சுட்டிருக்க வேண்டும். மேஸ்திரி முழங்கைக்குக் கீழே ஆறு இன்ச் விட்டு விரலை வைத்து, எண்ணைப் படித்தார்.

"முப்பத்தி நாலு. அசையாதீங்க, இன்னொரு தடவை பாத்துக்கறேன்."

அவர் அசையவில்லை.